சின்னப்பிள்ளை ஒன்னு நம்ம கையிலயே போயிட்டா, அந்த வீட்டு காரியத்துக்கு நாம போகலாமா?

மலையகத்து_மிஸி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலையில நர்ஸா இருக்கேன், ஆஸ்பத்திரி பேரு வேணாம். நான் பொறந்து வளந்ததும் தேயிலை தோட்டத்து லய வீட்டுல தான், அம்மா பென்ஷன் வயசு வரைக்கும் கொழுந்து எடுத்தவங்க. ஒரு விஷயம் மனச போட்டு அறுக்குது, வீட்டுல சொன்னா அவங்களும் அழுவாங்க அதான் இங்க எழுதுறேன், நீளமா போனா மன்னிக்கணும்.

ஸ்கூல் விட்டு வர்ற வழியில தேயிலைக்கு நடுவுல குளவி கெளம்பி பிள்ளைங்கள கொட்டிருச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் ஓடி தப்பிச்சிட்டாங்க, ஆண்டு ரெண்டு படிக்கிற ஒரு பையன் மட்டும் வசமா மாட்டிக்கிட்டான். தோட்டத்து லொறியில தான் தூக்கிட்டு வந்தாங்க. வரும்போது நெனவு இருந்துச்சு, பேசுனான், மொகம் வீங்கி கண்ணு தொறக்க முடியல. தொடையில அட்ரினலின் போட்டோம், அஞ்சு நிமிஷத்துல திரும்ப போட்டோம், ஒக்சிஜன், சேலைன், எல்லாம் சரியா தான் நடந்துச்சு. எங்க அம்புலன்ஸ் பிரசவ கேஸ் ஒன்ன ஏத்திக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிருந்துச்சு, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தோம், அவங்களும் பொறப்பட்டு வந்துகிட்டு தான் இருந்தாங்க, மழை, ரோட்டு நெலம உங்களுக்கே தெரியும். அவங்க வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை போயிட்டான். டொக்டர் நெஞ்ச அழுத்தறத நிறுத்தவே இல்ல, நாங்க தான் போதும் சேர்னு சொல்ல வேண்டியதாச்சு.

அவரு சின்னப் பையன் தான், இன்டர்ன் முடிச்சு மொத போஸ்டிங், காலி ஊரு பக்கத்து சிங்கள ஆளு. தமிழ் அவ்வளவா வராது. அதனால அம்மாக்கிட்ட நான் தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி பையன கொஞ்சம் சரி பண்ணி வெப்போம்னு பாத்தா தலைமுடி பூரா கொடுக்கு, காதுக்கு பின்னாடி, புருவத்துல எல்லாம். குளவி குளவின்னு நாம சொன்னாலும் அது பெரிய மலைத்தேனீ தான், கொட்டுனா கொடுக்கு ஒடம்புலயே நின்னுரும். மொதல்ல சுரண்டி எடுத்தோம், ஆனா உயிர காப்பாத்துற அவசரத்துல முடிக்குள்ள இருந்தது எல்லாம் அப்படியே நின்னுருச்சு. அம்மா இத பாக்க கூடாதுன்னு நானும் அட்டெண்டனும் ஒக்காந்து சீப்பாலயும் கையாலயும் ஒவ்வொன்னா எடுத்தோம். வெளிய அவங்க கத்துற சத்தம் கேக்குது, நான் இன்னும் எடுத்துகிட்டே இருக்கேன். மலையில இருந்து அப்படியே ஓடி வந்திருக்காங்க, இடுப்புல படங்கு கட்டுனது கட்டுனபடி.

அப்பறம் நான் போய் சொன்னேன். அத பத்தி எழுத முடியல.

அடுத்த நாள் காலையில ஓபீடி வழக்கம் போல. அன்னைக்கு சீனி பிரஷர் கிளினிக் நாள் வேற, வரிசை கேட்டு வரைக்கும் நிக்குது. டொக்டரும் ஒன்னும் பேசல, நானும் பேசல, அட்டெண்டனும் பேசல. டீ குடிச்சோம், வேலைய பாத்தோம். இப்ப வரைக்கும் யாரும் அந்த பிள்ளைய பத்தி ஒரு வார்த்தை பேசல.

வர்ற ஞாயித்துக்கெழம காரியம். அந்த பையன் வீடு இருக்குற தோட்டத்து டிவிஷன்ல தான் எங்க சித்தியும் இருக்காங்க, நாலு வீடு தள்ளி. போகணும்னு இருக்கு. ஆனா எங்க பெரிய மிஸி, அதான் தலைமை நர்ஸ், போகாத, பிரச்சனையாகும்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?


கண்டி_நர்ஸ்_அக்கா:

தங்கச்சி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுதவே முடியல. நானும் பிள்ளைங்க வோட்டுல பல வருஷம் இருந்தவ. ஆனா உங்க பெரிய மிஸி சொன்னது தான் சரின்னு நான் நெனைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

இது திடீர் மரணம். மரண விசாரணை அதிகாரி வந்திருப்பாரு, போஸ்ட்மோட்டம் நடந்திருக்கும், நாளைக்கு யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரியில சரியா பாக்கலன்னு கெளப்பி விட்டா நீங்க அந்த வீட்டுல என்ன பேசுனீங்கங்கறதும் வெளிய வரும். ஆத்திரத்துல இருக்குற ஜனம், குடிச்சிட்டு ஒருத்தன் ஒங்கள பாத்து கை நீட்டிட்டா? மலையகத்துல ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம் கூடுறது புதுசு இல்ல. இன்னொன்னு, ஒரு வீட்டுக்கு போனா எல்லா வீட்டுக்கும் போகணும். பிள்ளைங்க வோட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒடைஞ்சு போனா அடுத்த பிள்ளைக்கு கெனுலா போட கை வராது. நாம திடமா இருந்தா தான் அடுத்த அம்மாவுக்கு பிரயோஜனம். அழுங்க, ஆனா வீட்டுல அழுங்க.


அட்டெண்டன்_தம்பி:

வேற ஆஸ்பத்திரி, ஆனா கதை ஒன்னு தான் அக்கா. நான் மருந்து கொடுக்குற ஆளு இல்ல, ட்ரொலி தள்ளுற ஆளு. ஆனா எங்க வோட்டுல தமிழ் பேசுற ஆளு நைட் ஷிப்ட்ல பல நேரம் நான் ஒருத்தன் தான், அதனால ஒரு பிள்ளை தவறிட்டா என்னைய தான் கூப்பிடுவாங்க, மல்லி (சிங்களத்துல தம்பி) நீ போய் சொல்லுன்னு. எப்படி சொல்லணும்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. டொக்டர் ரெண்டு வார்த்தை சொல்லுவாரு, அத நான் தமிழ்ல சொல்லணும், சொன்ன ஒடனே அம்மா என் சட்டைய தான் புடிப்பாங்க, டொக்டர் சட்டைய இல்ல. அவங்க கண்ணுக்கு சேதி கொண்டு வந்தவன் நான் தான். அப்பறம் அவங்க அடுத்த கேள்வி கேப்பாங்க, எப்படி, ஏன், நேத்து சிரிச்சானே, அதுக்கு பதில் எனக்கு தெரியாது, திரும்பி பாத்தா டொக்டர் பாரம் எழுத போயிருப்பாரு, அவருக்கும் வேற வழி இல்ல, உள்ள இன்னொரு சீரியஸ் கேஸ் இருக்கும்.

அதுக்கப்பறம் தேர் திருவிழாவுல, டவுன்ல, பஸ்ல அவங்கள பாக்க வேண்டி வருது. கொழும்புல இருந்து வந்த ஆளுங்க மாத்தம் எடுத்துட்டு போயிருவாங்க, நான் எங்க போறது, எங்க லயம் இங்க தானே இருக்கு.

கண்டி அக்கா சொல்றது ரிட்டர்ன் பஸ் ஏறி வேற ஊருக்கு போற ஆளுக்கு சரியா வரும். எங்களுக்கு சரி வராது.


யாழ்_வைத்தியர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், நுவரெலியா மாவட்டத்தில கொஞ்ச காலம் வேலை செய்தனான். முதல்ல தங்கச்சிக்கு ஒரு விசயம் சொல்லவேணும், ஏனெண்டால் உங்கட மனசுக்குள்ள “இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ” எண்டு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் எழுதாட்டிலும் எனக்கு விளங்குது.

குளவி கொட்டில ரெண்டு விதமாச் சாவு வரும். ஒண்டு அலர்ஜி, அதுக்கு அட்ரினலின் தான் மருந்து, நீங்கள் போட்டது சரியான இடம், தொடையின்ர வெளிப்பக்கம், அஞ்சு நிமிசத்தில திரும்பவும் போட்டிருக்கிறியள், அதுவும் சரி. மற்றது விசத்தின்ர அளவு. நூற்றுக்கணக்கில கொட்டினா அலர்ஜி இல்லாத ஆளுக்கும் இரத்தம், தசை, சிறுநீரகம், இதயம் எல்லாத்தையும் அது தாக்கும். தேனீ விசத்தைப் பற்றிச் சொல்லேக்க ஒரு கிலோ எடைக்கு கிட்டத்தட்ட 20 கொட்டு எண்டால் உயிராபத்து எண்டு ஒரு கணக்கு சொல்லுறவை. ஒரு பெரிய ஆளுக்கு அது ஆயிரத்துக்கு மேல. ஆண்டு ரெண்டு பிள்ளைக்கு? தோட்டத்துப் பிள்ளையளின்ர எடை உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். 2016 குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில தோட்டப்புறத்தில அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட வயசுக்கேற்ற உயரம் இல்லை, நாடு முழுக்க எடுத்தால் அது 17 வீதம் தான். அப்பிடி வளர்ந்த சின்ன உடம்பு, அந்தளவு விசம். அட்ரினலினால அதை முறிக்கேலாது. பெரிய ஆஸ்பத்திரியில ஐசியூவில வைச்சிருந்தாலும் தப்பியிருக்கும் எண்டு என்னால சொல்லேலாது.

அடுத்தது அந்த டொக்டர் தம்பி. அவரையும் ஒருக்கா யோசியுங்கோ. முதல் போஸ்டிங், பாசை தெரியாத ஊர், குவாட்டர்ஸில தனிய. நான் அப்பிடி இருந்த காலத்தில இரவில பைப்பில தண்ணி சொட்டுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடியும்வரைக்கும் முழிச்சிருந்திருக்கிறன். அவர் கதைக்காமல் இருக்கிறது ஒண்டும் இல்லை எண்டு இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை தொடங்கினால் அவர் கட்டாயம் கதைப்பார்.

நான் இப்ப இங்கிலாந்தில இருக்கிறன். இஞ்ச பல ஆஸ்பத்திரியளில ஷ்வார்ட்ஸ் ரவுண்ட் எண்டு மாசாமாசம் ஒரு கூட்டம் நடக்கும். கென்னத் ஷ்வார்ட்ஸ் எண்டு பொஸ்டனில ஒரு வக்கீல், நுரையீரல் புற்றுநோய் வந்து 1995 இல செத்தவர், தன்னைப் பார்த்த நர்ஸ்மாரும் டொக்டர்மாரும் காட்டின அன்பு தான் தன்னைத் தாங்கினது எண்டு சொன்னவர், அவற்ற பேரில தொடங்கினது. அங்க மருந்தைப் பற்றியோ பிழையைப் பற்றியோ கதைக்கிறேல்லை, அந்த நோயாளியைப் பார்த்தது உனக்கு எப்பிடி இருந்தது, அது மட்டும் தான். துப்புரவு செய்யிற ஆளும் வரலாம், கன்சல்டனும் வரலாம். அப்பிடி இருந்து கதைக்க ஒரு அறையும் ஒரு மணித்தியாலமும் போதும். ஏன் எங்கட பிரதேச வைத்தியசாலையில செய்யேலாது?


மருந்துக்காம்பரா_தாத்தா:

பேரன் தான் டைப் பண்ணித் தாரான். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில இருந்து ரிட்டையர் ஆனவன். வெள்ளைக்காரன் கம்பெனி காலம் முடிஞ்சு 1975ல அரசாங்கம் தோட்டத்த எடுத்த காலமும் பாத்தேன், 92ல திரும்ப கம்பெனி கைக்கு போன காலமும் பாத்தேன். அப்ப எல்லாம் செத்த வீட்டுக்கு போகலாமா வேணாமான்னு ஒரு கேள்வியே வந்தது இல்ல. மருந்து கொடுத்த ஆளு வராம இருந்தா தான் கேப்பாங்க, ஐயா ஏன் வரல, மனசுல ஏதாச்சும் வச்சிருக்காரான்னு.

வயித்துப்போக்குல பிள்ளைங்க போன காலம் அது. ஜீவனி பக்கெட், அந்த தண்ணியில கரைச்சு குடுக்குற உப்பு மருந்து, வந்த பொறகு தான் கொறைஞ்சது. அதுக்கு முன்னாடி ராத்திரி லாந்தர புடிச்சிக்கிட்டு லயத்துக்கு போவேன், காலையில அதே வீட்டு முன்னாடி கூடாரம் அடிச்சிருப்பாங்க. நானும் போய் ஒக்காருவேன். யாரும் என்னைய ஏசினது இல்ல. ஒரு தகப்பன் ஒரு தடவ என் கைய புடிச்சிக்கிட்டே இருந்தான், ஒன்னும் பேசல. குழிக்கு மண்ணு போடுற வரைக்கும் விடல. அந்த பிள்ளைங்க பேரு இப்பவும் எனக்கு தெரியும், சாப்புட்ட சோறு மறந்து போகுது, அந்த பேரு மறக்க மாட்டேங்குது. ஆனா நான் போனதுனால தான் தாங்குனேன் மகளே. போகாம காம்பராக்குள்ள இருந்திருந்தா எனக்கு கிறுக்கு புடிச்சிருக்கும்.

போயிட்டு வா.


பசறை_மிட்வைஃப்:

எங்களுக்கு போகலாமா வேணாமாங்கற கேள்வியே இல்ல, போயே ஆகணும். ஒரு வயசுக்கு கீழ பிள்ளை தவறுனா வீட்டுக்கு போய் விசாரிச்சு பாரம் நிரப்புறது எங்க வேலை. கர்ப்பத்த எத்தன மாசத்துல பதிஞ்சாங்க, எப்ப காச்சல் வந்துச்சு, எப்ப ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, ஒவ்வொரு கேள்வியும் அந்த அம்மாவுக்கு குத்திக்காட்டுற மாதிரி கேக்கும்னு தெரிஞ்சுகிட்டே கேக்கணும்.

ஒரு வீட்டுல நான் பேனாவ மூடி வச்சிட்டேன். அந்த பிள்ளை பால் குடிக்கிற பிள்ளை, அம்மாவுக்கு மார்ல பால் கட்டி சட்டை நனைஞ்சு போய் இருக்கு, கூச்சத்துல யார்கிட்டயும் சொல்லல, காச்சல் கணகணன்னு அடிக்குது. கிழவிங்க எல்லாம் ஒப்பாரி வைக்கிறாங்க, அந்த அம்மாவ யாரும் கவனிக்கல. கதவ சாத்திட்டு ஈரத்துணி வச்சு, நோவு கொறையிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீச்சி விட்டு, பெனடோல் கொடுத்து, அந்த வேலை தான் அன்னைக்கு செஞ்சேன். பாரம் அப்பறம் தான். அன்னைக்கு நான் அந்த வீட்டுக்கு போகலன்னா அவளுக்கு சீழ் கட்டியிருக்கும். அதனால செத்த வீட்டுக்கு போறது வெறும் மனசு ஆறுறதுக்குன்னு நெனைக்காதீங்க, பிள்ளை போனாலும் அம்மா இன்னும் நம்ம நோயாளி தான்.

ஆனா ஒன்னு சொல்றேன், எங்க மேலதிகாரி கூட்டத்துல இந்த கேஸ பத்தி எல்லாம் கேப்பாங்க, தேதி, எடை, தடுப்பூசி, எல்லாம். நீ எப்படி இருக்கன்னு ஒருத்தரும் கேட்டது இல்ல.


லிந்துலை_அம்மா:

நான் ஆஸ்பத்திரி ஆளு இல்ல. என் மக போயிட்டா, அவளுக்கு அப்ப மூணு வயசு, நிமோனியா. நீங்க எல்லாம் எழுதுறத படிச்சேன், நர்ஸ்மாருங்க இப்படி எல்லாம் நெனைப்பாங்கன்னு எனக்கு தெரியாது, சத்தியமா தெரியாது. நாங்க நெனைக்கிறது, அவங்களுக்கு இது தினம் நடக்குறது, பழகி போச்சுன்னு.

மகள பாத்த நர்ஸ்ல ஒருத்தவங்க வீட்டுக்கு வந்தாங்க. ஒன்னும் பேசல, அம்மியடியில ஒக்காந்து எங்க அக்காவுக்கு தேங்கா துருவிக் கொடுத்தாங்க. இன்னொருத்தவங்கள அப்பறம் பஸ்ல பாத்தேன், என்னைய பாத்த ஒடனே மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா ஒரே நெனப்பு, ஏதோ தப்பு நடந்திருக்கு, அதான் என் மொகத்த பாக்க முடியல. அது வரைக்கும் எனக்கு அந்த சந்தேகமே வந்தது இல்ல. இப்ப இத படிச்ச பொறகு தான் தோணுது, அவங்களும் தாங்க முடியாம தான் திரும்பியிருப்பாங்கன்னு. இத்தன வருஷம் அவங்கள மனசுக்குள்ள ஏசிக்கிட்டே இருந்தேன்.

போங்க தங்கச்சி. ஏசினாலும் போங்க, ஏசுறது ஒங்கள இல்ல.


கண்டி_நர்ஸ்_அக்கா:

லிந்துலை அம்மா எழுதுனத படிச்ச பொறகு நான் முன்ன எழுதுன மாதிரியே நிக்க முடியல. பஸ் விஷயம் நான் யோசிக்காத ஒன்னு. சரி, போங்க. ஆனா பயம் எனக்கு முழுசா போகல, அதனால சொல்றேன். யூனிபோர்ம்ல போகாதீங்க, சித்தி வீட்டு ஆளா போங்க. பொறுப்பு டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க. மருந்து, அம்புலன்ஸ், யாரு லேட்டு, அந்த பேச்சு எடுத்தா, அது ஆஸ்பத்திரிக்கு வாங்க டொக்டரோட ஒக்காந்து பேசலாம்னு சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க, தெரியாதத ஊகமா சொல்லாதீங்க. இருட்டுறதுக்கு முன்ன திரும்பிடுங்க.

இன்னொன்னு. தூக்கம் வராம, அந்த கொடுக்கு எடுக்குற காட்சி திரும்ப திரும்ப கண்ணுல வந்துகிட்டே இருந்தா, வேலைக்கு போகவே கை கால் நடுங்குனா, அத திடம் கொறைஞ்சு போச்சுன்னு நெனைச்சு மறைக்காதீங்க. தேசிய மனநல நிறுவனத்தோட 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்ல பேசணும்னு சொல்லுங்க. நான் திடம் திடம்னு சொல்லி பல வருஷம் ஓட்டுனவ, ரிட்டையர் ஆன பொறகு தான் ஒவ்வொரு பிள்ளையும் கனவுல வருது.


அட்டெண்டன்_தம்பி:

யாழ் டொக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்த கூட்டம் எல்லாம் நல்லது தான், ஆனா எங்க ஆஸ்பத்திரியில நைட்ல மூணு பேரு தான் இருக்கோம், கூட்டம் போட்டா வோட்ட யாரு பாக்குறது? சின்ன இடத்துக்கு ஏத்த மாதிரி ஏதாச்சும் இருக்கா?


யாழ்_வைத்தியர்:

நல்ல கேள்வி தம்பி. இருக்கு. அமெரிக்காவில வேர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில ஜொனதன் பார்ட்டெல்ஸ் எண்டு ஒரு நர்ஸ் தொடங்கினவர். நோயாளி இறந்தவுடன, கையுறையைக் கழட்டிப்போட்டு ஓடுறதுக்கு முதல், அறையில நிண்ட எல்லாரும் ஒரு நிமிசம் அப்பிடியே நிக்கிறது. இவர் ஒரு வீட்டுப் பிள்ளை, இவருக்காக நாங்கள் எல்லாரும் முயற்சி செய்தம் எண்டு ஒருவர் சொல்லுவார், மற்ற ஆக்கள் அவரவர் வழக்கப்படி அமைதியா நிப்பினம். கும்பிடுறவர் கும்பிடலாம், பௌத்தரெண்டால் பிரித் ஓதுறவர் மனசுக்குள்ள சொல்லலாம். ட்ரொலி தள்ளுறவரும் நிக்கவேணும், அது முக்கியம். ஒரு நிமிசம் தான். ஆனா அடுத்த நாள் டீ குடிக்கேக்க கதைக்கிறதுக்கு அது ஒரு வாசல் திறந்துவிடும்.

மற்றது, மொழிபெயர்க்க உங்களை அனுப்பினால், டொக்டரையும் பக்கத்தில நிக்கச் சொல்லிக் கேளுங்கோ. கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. சேதி சொல்லி முடிஞ்சு அம்மா கேள்வி கேக்கிற வரைக்கும் அவர் நிக்கவேணும்.


மலையகத்து_மிஸி:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுத முடியல. போயிட்டு வந்தேன்.

டொக்டர்கிட்ட சொன்னேன், யாழ் டொக்டர் சொன்ன மாதிரியே ஆச்சு. அவரு, நானும் வரலாமான்னு கேட்டாரு. எனக்கு பயம், பாசை தெரியாது, கூட்டத்துல என்னவாகுமோன்னு, ஆனா வேணாம்னு சொல்ல மனசு வரல. ரெண்டு பேரும், அட்டெண்டன் அண்ணாவும், மூணு பேரா போனோம்.

யாரும் ஏசல. ஒரு மாமா மட்டும் தள்ளி நின்னு மொறைச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு, அது பரவால்ல. அம்மா என்னைய பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க, கடைசியா என்ன பேசுனான்னு. அத கேக்க அவங்களுக்கு என்னைய விட்டா ஆளு இல்ல. நான் உள்ளத சொன்னேன். ஓடும்போது ஒரு சப்பாத்து விழுந்துருச்சு மிஸி, அம்மா ஏசுவாங்கன்னான். சப்பாத்து வவுச்சர்ல வாங்குன புது சப்பாத்து. நான் ஏச மாட்டாங்கன்னு சொன்னேன், அவன் சரின்னான். அத கேட்டுட்டு அவங்க அழுதாங்க, நானும் அழுதேன், டொக்டருக்கு என்ன பேசுனோம்னு புரியல ஆனா அவரும் அழுதாரு. அவங்க பாட்டி தான் எந்திரிச்சு வந்து அவருக்கு டீ கொடுத்தாங்க.

தகப்பன் கேட்டது வேற. அந்த வழியில பெரிய மரத்துல இன்னும் ரெண்டு கூடு தொங்குதாம், முன்னாடியே சொல்லி இருக்காங்க, யாரும் எடுக்கலயாம். டொக்டர் அத எழுதிக்கிட்டாரு. தோட்ட நிர்வாகத்துக்கும் பொது சுகாதார பரிசோதகர் பிஎச்ஐக்கும் ஸ்கூல் அதிபருக்கும் கடிதம் எழுதுறதா சொல்லி இருக்காரு, தமிழ்ல நான் எழுதிக் கொடுக்கணும். வர்ற புதன்கெழம கிளினிக் முடிஞ்ச பொறகு ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒக்காரப் போறோம், அட்டெண்டன், லேபர், மருந்து கட்டுற அண்ணா எல்லாரும். பெரிய மிஸியும் வர்றேன்னாங்க.

தூக்கம் இன்னும் சரியா வரல. 1926 நம்பர எழுதி வச்சிருக்கேன்.


மருந்துக்காம்பரா_தாத்தா:

கடிதத்துல இதையும் சேத்துக்க மகளே. தோட்டத்து டிஸ்பென்சரியில அட்ரினலின் இருக்கா, தேதி முடியாம இருக்கா, அத போடத் தெரிஞ்ச ஆளு கொழுந்து எடுக்குற நேரத்துலயும் ஸ்கூல் விடுற நேரத்துலயும் அங்க இருக்காரான்னு கேளு. கூட்ட பகல்ல கலைக்க விடாத, ராத்திரியில தெரிஞ்ச ஆளு வச்சு தான் எடுக்கணும், கூடு எடுத்து முடியிற வரைக்கும் பிள்ளைங்கள பெரிய ரோட்டு வழியா அனுப்ப சொல்லி அதிபர்கிட்ட நாளைக்கே சொல்லிரு, கடிதம் போய் சேர்ற வரைக்கும் காத்திருக்காத.